அடப்பங்கொடியும் அவிழ்த்துவிட்ட சுறாவும்

மரியே வாழ்க!

திரேஸ்புரம், தூத்துக்குடி.
ஐப்பசி முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து வந்து எழுதுவது.

கடலோடியும், என் மனைவி பிளாரன்சின் ஒரே தம்பியும், எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் தந்த புண்ணியவானுமாகிய அன்பு மாப்பிள்ளை ரெக்சனுக்கு, அத்தான் மரியான் எழுதிக்கொண்டது. நீர் எந்தக் கடலில் இருந்தாலும் மாதா உம்மைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்பாளாக. உம்ம எஞ்சின் ரூம் சூடும், உம்ம சீஃப் எஞ்சினியரின் கோபமும் போன தடவை சொன்னதைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உம்ம அக்காள் சுகம். நான் சுகம். பக்கத்து வீட்டுப் பேச்சியின் ஆடுகூட இப்போது சுகம், அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். என் மகள் எமில்டா சுகமா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியாது, ஏனென்றால் வியாழக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது உம்ம அக்காளுக்குச் சாதாரணம், எமில்டாவுக்குச் சாதாரணம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் பேனாவைப் பிடிக்கிறார் என்று நீர் கேட்பீர். என் போனுக்கு ரகசிய எண் போட்டுத் தந்ததே எமில்டாதான், அதில் நான் என்ன தட்டினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். நல்லவேளை, நம்ம தெரு ஜெனோ உம்ம கப்பலில் வேலைக்குச் சேர இன்று சாயங்காலம் ரயில் ஏறுகிறான், அவன் கையில் இதையும் ஒரு பொட்டலம் மக்ரூனையும் கொடுத்துவிடுகிறேன். மக்ரூன் எஞ்சின் ரூமில் வியர்த்துப் போவதற்குள் தின்றுவிடும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீர் எனக்காக எமில்டாவிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். சின்னப் பொய்தான், கொஞ்சம் எஞ்சினியரிங் கலந்தது. என்ன பொய் என்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் உமக்கும் சொல்ல மனசு வரும்.

என் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். கொரோனா இரண்டாவது அலையில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தேன் அல்லவா, எல்லாம் திரும்ப வந்தது, மூச்சு வந்தது, பசி வந்தது, உம்ம அக்காளுக்கு என்மேல் எரிச்சலும் வந்தது, வாசனை மட்டும் இன்றுவரை வரவில்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டியை ஏற்றிப்போகிற பைலட் லாஞ்ச்சில் சுக்கான் பிடித்த காலமெல்லாம், கண்ணை மூடிக்கொண்டே வருகிற கப்பலில் நிலக்கரியா உரமா முந்திரியா என்று சொன்ன மூக்கு இது. இப்போது முகத்தின் நடுவில் கண்ணாடி நிற்பதற்காக இருக்கிறது. ஒருநாள் மீன் ஏலத்தில் நாறிப்போன சீலாவை நல்ல மீன் என்று எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகும் நம்மைத் துறைமுகத்து ஆள் என்று மதிக்கிறார்களே என்று நினைத்து, வீடு வரைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து எமில்டாதான் எனக்கு மூக்கு. காலையில் வாசல் கதவைத் திறந்ததும் படியில் நின்று மூச்சை நன்றாக இழுப்பாள். நான் பின்னால் நிற்பேன். "கச்சான் காத்துதாம்ப்பா, மேக்க இருந்து வருது. உப்பளத்துச் சேறு வாசம். ரோட்டுல எங்கனயோ தார் போடுதாவ" என்பாள். இன்னொரு நாள் வாடைக்காற்றில் கருவாட்டு வாசம் என்பாள், இன்னொரு நாள் தெற்கே உடன்குடிப் பக்கமிருந்து வந்த லாரி ஏதோ கருப்பட்டி கொண்டுபோயிருக்கிறது என்பாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சுக்குள் அந்த வாசம் மெதுவாக ஊறி வரும். மற்றபடி வாசனை வருவது கனவில் மட்டும்தான். மத்தியானம் கண்ணை மூடினால் போதும், மழை வாசம், மெழுகுவர்த்தி அணைத்த வாசம், கல்யாணத்தன்று உம்ம அக்காள் தலையில் இருந்த பிச்சிப்பூ வாசம் எல்லாம் வரிசையில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும். மத்தியானத் தூக்கம் கூடிவிட்டது என்று அவள் திட்டுகிறாள். நான் மூச்சுவிடப் போகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

சரி, எமில்டாவின் படிப்புக்கு வருகிறேன். செடிகளுக்குள் இயற்கையாக இருக்கிற வேதிச்சரக்குகளில் ஏதாவது ஒன்று இந்தக் கொரோனா வகைக் கிருமிகளை அடக்குமா என்று தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. நிலவேம்பு, ஆடாதோடை, மஞ்சள், ஆவாரை என்று நூற்றுக்கணக்கில் செடி, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து சரக்கு, எல்லாம் நீர் தந்த கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நீர் துப்பாக்கி விளையாட்டு விளையாட வாங்கினீரே, அதே கம்ப்யூட்டர்தான். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டருக்கு ரேஷன் கடை மாதிரி வரிசையாம், அதனால் வீட்டிலேயே ஓட்டுகிறாள். அது என்னம்மா செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வைரஸ் உள்ள வந்ததும் நீளமா ஒரு புரதம் செய்யும்ப்பா, கயிறு மாதிரி. அதைத் துண்டு போட்டாத்தான் அதுக்கு வேலை நடக்கும். துண்டு போடுததுக்குன்னே ஒரு வாய் வச்சிருக்கு. அந்த வாயில நம்ம செடிச்சரக்கு போய் உக்காந்துட்டுன்னா, கடிக்க முடியாது."

"சுறா வாயைக் கட்டுத மாதிரி" என்றேன்.

"அதேதாம்ப்பா" என்று சிரித்தாள்.

உமக்குத் தெரியும், எங்கள் வீட்டு வழியில் கடல்கட்டி உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஆட்கள் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்னால் கரையில் ஒருவர் உட்கார்ந்து சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவார், அவர்தான் கடல்கட்டி. கட்டியவர் பகல் முழுக்கச் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. ஒரு பாத்திரத் தண்ணீரில் வெள்ளியில் செய்த இரண்டு மீனைப் போட்டுவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். கட்டியபடியே விட்டால் சுறா பட்டினி கிடக்கும், அந்தப் பாவம் கட்டினவன் வீட்டுக்கு வரும். இது என் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். மந்திரம் அவருக்கே தெரியாது, வெள்ளி மீன் இரண்டையும் உருக்கித்தான் உம்ம அக்காளுக்குக் கல்யாணக் கொலுசு செய்தது. ஆக என்னிடம் இருந்தது சட்டதிட்டம் மட்டும்தான், ஆனால் அதை எமில்டா அந்தச் சிரிப்பில் தட்டி எழுப்பிவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் அவள் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள், சோதித்ததிலேயே அந்த வாயில் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது அடப்பங்கொடியில் இருக்கிற ஒரு சரக்கு என்று. நம்ம அடப்பங்கொடி, மாப்ள! தருவைகுளம் போகிற வழியில் கடற்கரை முழுக்க ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, வலை காயப்போட இடைஞ்சல் என்று நாம் காலால் தள்ளுகிற அதே கொடி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே போய் ஒரு சாக்கு நிறையப் பறித்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு இலை வேண்டாம்ப்பா, அந்தச் சரக்கின் உருவம் மட்டும் போதும் என்றாள். சரி என்று சாக்கைத் திண்டாடித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது பேச்சி பார்த்து என்ன அண்ணாச்சி என்றாள். என்ன என்று கேட்டால் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? கொரோனாவுக்கு மருந்து, எமில்டா கண்டுபிடித்தது, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன்.

பொழுது சாய்வதற்குள் தெருவில் ஏழெட்டு அடுப்பில் அடப்பங்கொடி கொதித்தது. எமில்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கியவள், பையைக்கூட வைக்காமல் வீடு வீடாகப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தாள். கம்ப்யூட்டரில் ஒட்டுவது வேறு, மனுஷ உடம்பில் வேலை செய்வது வேறு, நடுவில் எத்தனையோ சோதனை இருக்கிறது, நூறு ஒட்டினால் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம், யாரும் வாயில் வைக்காதீங்க என்று தொண்டை வறளச் சொன்னாள். மனுஷர் யாரும் குடிக்கவில்லை, மாதாவுக்கு நன்றி. பேச்சியின் ஆடு மட்டும் நான் வாசலில் வைத்த சாக்கில் பாதியைத் தின்றுவிட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது. அன்றைக்கே எமில்டா என்னோடு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட கேளுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். நானும் சரி என்றேன்.

அடுத்த கட்டம்தான் பெரிய கட்டம். வாயில் உட்கார்ந்தால் மட்டும் போதாதாம். உடம்புக்குள் எல்லாம் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்குமாம், அந்த ஆட்டத்திலும் சரக்கு வாயைவிட்டு நழுவாமல் நிற்கிறதா என்று கம்ப்யூட்டரை ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமாம். கடைசிவரை நின்றால் அவளுடைய கைடு நிஜமான சரக்கை எடுத்துச் சோதிக்க ஒரு லேபில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு வாரமும் உள்ளே எவ்வளவு நேரம் கழியும் என்று கேட்டேன். ஒருமுறை கண் இமைக்கிற நேரத்தைப் பல லட்சம் துண்டாக வெட்டினால், அதில் ஒரு துண்டு என்றாள். கண் இமைக்கிறதில் லட்சத்தில் ஒரு துண்டு நேரத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருப்பது என்பது, மாப்ள, வெளிக்கடலில் கப்பலுக்குக் காத்துக் கிடந்த என்னைப் போன்றவனுக்குத்தான் புரியும்.

எனக்காக அவள், கம்ப்யூட்டரில் அதுவரை ஓடியதை அவ்வப்போது படமாக்கித் திரையில் போட்டு வைப்பாள். நீர் அதைப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் தண்ணீர். நடுவில் அந்தப் புரதம், சுருள் சுருளாக, மூச்சுவிடுவது போல மெல்ல விரிகிறது, மெல்லச் சுருங்குகிறது. அதன் வாய்க்குள் நம்ம அடப்பங்கொடிச் சரக்கு மஞ்சளாக, துளியூண்டு, அடிக்கடலில் சிப்பி பொறுக்க இறங்கியவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி அசைந்துகொண்டே நிற்கிறது. இந்தத் தண்ணீரில் உப்பு இருக்கா என்று கேட்டேன். உடம்பில் இருக்கிற அளவுக்கு உப்பும் போட்டிருக்கு என்றாள். நம்ம ஊர் உப்பா என்றேன். ஆமாப்பா என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அறையே மெல்ல ஆடும், ஃபேன் சத்தம் அலைச்சத்தமாகும், நாற்காலி மிதக்கும்.

அந்த மிதப்பில்தான் நான் கடல்கட்டி ஆனேன். சும்மா உட்கார்ந்து பார்க்கிறதற்கு முறைப்படி உட்காரலாமே என்று தோன்றியது. மந்திரம் தெரியாத இடத்தில் ஜெபமாலை சொன்னேன். வெள்ளி மீனுக்குப் பதிலாக உம்ம அக்காளின் கொலுசை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டேன், அதுவும் பிறப்பால் அந்த மீன்தானே. பகலில் சோறில்லை, தண்ணீரில்லை, பேச்சில்லை. முதல் நாள் உம்ம அக்காள் எனக்கு வாய் இழுத்துக்கொண்டது என்று பதறி டாக்டருக்கு போன் போட்டாள். நான் கையைக் காட்டி, கொலுசைக் காட்டி, திரையைக் காட்டி விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டாம் நாளே அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. எமில்டாதான் தவித்தாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, "அப்பா, அது வெறும் கம்ப்யூட்டர்தாம்ப்பா, சாப்பிடுங்க" என்று பக்கத்தில் நிற்பாள். நான் தலையை ஆட்டுவேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தட்டோடு போய்விடுவாள்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் கட்டை அவிழ்ப்பேன். கிண்ணத் தண்ணீரை வாசலில் ஊற்றி, போய்ட்டு வாருமய்யா என்று சுறாவுக்குச் சொல்லிவிட்டு, வயிறாரச் சாப்பிடுவேன். ஆனால் சாப்பிட்டு வந்து பார்த்தால் திரையில் அது கட்டியபடியேதான் இருக்கும். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் வாயால் அவிழ்க்கிறோம், மிஷின் அவிழ்க்கவில்லையே, ராத்திரியும் பகலும் ஓய்வில்லாமல் ஒரு ஜீவனின் வாயைக் கட்டி வைத்திருக்கிறோமே, அது கிருமியாகவே இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எமில்டாவிடம் கேட்கலாம் என்றால் பகலில் எனக்குப் பேச்சு கிடையாது, சாயங்காலம் சாப்பாட்டு அவசரம்.

வியாழக்கிழமை எமில்டா கைடைப் பார்க்கத் திருநெல்வேலி போயிருந்தாள். உம்ம அக்காள் யாரையோ பார்க்கப் போயிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன் கண்ணசந்துவிட்டேன். பார்த்தால் நம்ம தெருவுக்குள் முழங்கால் அளவு கடல். மாதா கோயில் பக்கமாக வள்ளங்கள் சத்தமில்லாமல் போகின்றன. தண்ணீருக்கு அடியில் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூவெல்லாம் விரிந்திருக்கிறது, அதன் வாசம் வருகிறது, மாப்ள, வாசம்! பச்சை வாசம், வெயில் பட்ட மணல் வாசம், அதற்குள் கொஞ்சம் உப்பு. நான் அழுதுகொண்டே இழுக்கிறேன். அப்போது ஒரு சுறா, நல்ல வளர்ந்த சுறா, வாயைச் சுற்றிக் கொடி கட்டியபடி எங்கள் வாசல் கேட்டில் வந்து நிற்கிறது. உள்ளே வராமல், இன்சூரன்ஸ் ஆள் மாதிரி மரியாதையாக நிற்கிறது. "அண்ணாச்சி, நேரம் ஆயிட்டு. அவுத்துவிடுங்க. வீட்டுல பிள்ளைக பட்டினி" என்றது.

பிள்ளைகள் என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய? திடுக்கிட்டு விழித்தால் கோயில் மணி அடிக்கிறது. கிண்ணத்தை எடுத்து வாசலில் கவிழ்த்தேன், வந்த வேகத்தில் சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்தேன். கீழே, கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்குகிற பெட்டி கீச் கீச் என்று கத்தியது. சுறா நன்றி சொல்கிறது என்று நினைத்து அதன் பொத்தானையும் அழுத்தினேன். திரை கறுத்தது. வீடு அப்படி ஒரு அமைதி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெரிய ஜீவகாருண்யம் செய்த மாதிரி இருந்தது. தூக்கம் முழுசாகத் தெளிந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. எங்கிட்ட கேளுங்கப்பா என்று அவள் சொன்னதும், நான் சரி என்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து எமில்டா வந்துவிட்டாள். கறுத்த திரையைப் பார்த்தாள். "கரண்ட் போச்சாப்பா?" என்றாள். ஆமா என்றேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். திரையில் தண்ணீர் தெரிந்தது. அவள் கண்ணிலும் தண்ணீர். அதோடு சரி. அன்றிலிருந்து நான் முற்றத்துக்கு வந்தால் அவள் அறைக்குப் போகிறாள், நான் அறைக்குப் போனால் மாடிக்குப் போகிறாள். காலையில் வாசல் கதவைத் திறப்பதில்லை, புறவாசல் வழியாகப் போய்விடுகிறாள். நேற்றுக் காலையில் நானே படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். காற்று வந்தது, அவ்வளவுதான். என்ன காற்று என்றுகூடத் தெரியவில்லை. ஊர் அப்படியே இருக்கிறது, காலண்டர் படத்தில் இருக்கிற ஊர் மாதிரி இருக்கிறது. எனக்கு என் பிள்ளை பேச வேண்டும், மாப்ள. வேறொன்றும் வேண்டாம்.

ஆகவே நீர் சொல்ல வேண்டிய பொய் இதுதான். கப்பல் ஏதாவது துறையில் கட்டினதும் எமில்டாவுக்கு போன் போட்டு, பேச்சோடு பேச்சாக, அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாக அணைந்துபோகிற ஒரு வியாதி உண்டு, எனக்கும் துப்பாக்கி விளையாட்டின் நடுவில் அப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லும். ஃபேன் எப்படி ஓடியது என்று கேட்பாள், அது வேறு லைன் என்று சொல்லும். அந்தப் பெட்டியும் அணைந்ததே என்று கேட்பாள், அதற்கும் ஏதாவது சொல்லும், எஞ்சினியர் நீர்தானே. அடுத்த லீவில் வரும்போது கம்ப்யூட்டரையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். அது இங்கே இருக்கிறவரைக்கும் என் கை சும்மா இருக்காது, எந்தச் சுறா எப்போது கேட்டில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. எமில்டா ஏதாவது காலேஜில் பாடம் நடத்தப் போகட்டும், அங்கே அணைப்பதற்கு ஒன்றும் இருக்காது.

உம்ம அக்காள் இப்போதுதான் கோயில் அன்பியக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். அடுப்பில் கருவாடு பொரிகிறது, பார்த்துக்கொள்ளுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள், என்னிடம்! மாதா உமக்கு நல்ல தூக்கமும் அமைதியான கடலும் தரட்டும். உம்ம எஞ்சின் ஒருபோதும் தானாக அணையாதிருக்கட்டும். நீர் வருகிற நாளை எதிர்பார்த்து இந்த வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உம்ம அத்தான்,
மரியான்.

பி.கு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது எமில்டா என் முன்னால் வந்து நின்றாள். கடிதத்தைச் சட்டைக்குள் ஒளித்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுதேன், மனசு விட்றக் கூடாது. அடப்பங்கொடி நிக்கலப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தானே அணைத்துவிட்டேன் என்று உளறிவிட்டேன். அது தெரியும்ப்பா என்றாள், ஃபேன் ஓடிச்சே. கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குக் கொஞ்சத்துக்குக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டேதான் ஓடுமாம், அன்றைக்கே விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டிவிட்டாளாம், என்னால் ஒரு நஷ்டமும் இல்லையாம். ஆனால் சேமித்ததைத் திறந்து பார்த்தால், நான் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்பே, மத்தியானமே, அந்தச் சரக்கு வாயைவிட்டு நழுவித் தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டிருந்ததாம். அதற்குப் பிறகும் திரும்பி வரவில்லையாம்.

"தெரு பூரா பெருமையாச் சொல்லிட்டிய. சோறு தண்ணி இல்லாம அதுக்காக உக்காந்திருந்திய. கட்டு நிக்கலன்னு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிப்பா சொல்லுவேன்?"

ஆக நான் அவளுக்குப் பயந்து ஒளிந்தேன், அவள் எனக்குப் பயந்து மாடிக்குப் போயிருக்கிறாள். இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது, மாப்ள. வாய் கட்டிய சுறா எப்படி அண்ணாச்சி என்று கூப்பிடும்? அவிழ்ந்த பிறகு வந்துதான் என்னிடம் பேசியிருக்கிறது, இது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எமில்டாவோ, தேரிக்காட்டு ஆவாரை இருக்குப்பா, அதுக்கப்புறம் இன்னும் எத்தனையோ இருக்கு, நாளைக்கு அடுத்ததை ஓட்டுவேன், நீங்க பக்கத்துல உக்காரணும், ஆனா சாப்பிட்டுட்டு உக்காரணும் என்றாள். பொழுது சாய்ந்தால் அவிழ்க்கும் பொறுப்பு இனி அவளுடையதாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் நீர் செய்ய வேண்டாம். பொய் வேண்டாம், கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர், அதை இங்கேயே விடும். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால் ஜெனோ வாசலில் வந்து நிற்கிறான்.

அவனுக்காக எமில்டா வாசல் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே படியில் நின்றாள். நான் போய்ப் பின்னால் நின்றேன். மூச்சை நன்றாக இழுத்தாள்.

"காத்து மாறிட்டுப்பா. கொண்டல். மழை எங்கனயோ கடல்ல நிக்கி, அந்த வாசம். அப்புறம்…" என்று இன்னொரு தடவை இழுத்து, வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "கருவாடு கருகுத வாசம்."

முழுசாகக் கருகிவிட்டது, மாப்ள. தெருமுனை வரைக்கும் மணக்கிறதாம்.